பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டி கரைக்கும் ஊசி: மூளையில் கசியும் அபாயத்தைக் கணிப்பது எப்படி

அவசரப் பிரிவில் பணியிலிருக்கும் இளம் மருத்துவர்களுக்கும், பக்கவாதப் பிரிவுச் செவிலியர்களுக்கும் எழுதியது இது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஆல்டெப்ளேஸ் அல்லது டெனெக்டிப்ளேஸ் போடுவதற்கு முன்னும் பின்னும் ரத்தக்கசிவு அபாயத்தை எந்த வரிசையில் எடைபோடுவது, எங்கே பிசகுவது வழக்கம் என்று பார்ப்போம்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். கசிவைக் கணிக்கும் அட்டவணைகளில் அபாய மதிப்பெண் அதிகம் என்பதற்காக மட்டும் மருந்தை நிறுத்தக் கூடாது. யாரை எங்கே படுக்க வைப்பது, எதைச் சரிசெய்வது, குடும்பத்தாரிடம் என்ன சொல்வது, எவ்வளவு உன்னிப்பாகக் கவனிப்பது என்பதைச் சொல்லத்தான் அந்த எண்.

1. எந்தக் கசிவைக் கணிக்கிறோம்?

புதியவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். "ஆறு சதவீதம்" என்கிறது ஒரு கட்டுரை, "இரண்டு சதவீதம்" என்கிறது இன்னொன்று. இரண்டும் சரி, வரையறைதான் வேறு.

1995இல் வெளியான என்ஐஎன்டிஎஸ் ஆய்வின் வரையறைப்படி, 36 மணி நேரத்துக்குள் ஸ்கேனில் கசிவு தெரிந்து, நோயாளியின் நிலை சற்றே மோசமானாலும் அது அறிகுறியுள்ள கசிவு. அந்த ஆய்வில் மருந்து பெற்றவர்களில் 6.4 சதவீதத்தினருக்கும், பெறாதவர்களில் 0.6 சதவீதத்தினருக்கும் அது நேர்ந்தது. எகாஸ்-2 ஆய்வின் வரையறைக்குக் கசிவோடு, பக்கவாதத்தின் கடுமையை அளக்கும் என்ஐஎச்எஸ்எஸ் மதிப்பெண் 4 புள்ளியாவது உயர வேண்டும். சிட்ஸ்-மோஸ்ட் வரையறை இன்னும் கடுமை. 22 முதல் 36 மணிக்குள் எடுத்த படத்தில் பெரிய ரத்தத் திரட்சி, அதாவது பிஎச்-2 வகை, தெரிய வேண்டும். கூடவே 4 மதிப்பெண் சரிவோ மரணமோ இருக்க வேண்டும். சிட்ஸ்-மோஸ்ட் பதிவேட்டில் ஒரே நோயாளிகளை இந்த வரையறையால் எண்ணியபோது 1.7 சதவீதம் வந்தது, என்ஐஎன்டிஎஸ் வகை வரையறையால் எண்ணியபோது 7.3 சதவீதம் வந்தது.

ஆகவே மதிப்பெண்ணை எழுதும்போதே எந்த வரையறையின் சதவீதம் என்று பக்கத்தில் குறித்துவிடுங்கள். குறிக்காத எண்ணை வேறொரு எண்ணோடு ஒப்பிட முடியாது.

2. கணக்குக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

ஒன்பது தகவல்கள் போதும்: வயது, எடை, அறிகுறி தொடங்கிய நேரம், என்ஐஎச்எஸ்எஸ், ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை, முன்பே இருக்கும் நோய்கள், சாப்பிடும் மாத்திரைகள், சி.டி. படம். இவற்றில் நான்கு அடிக்கடி தவறாக வந்து சேர்கின்றன.

நேரம். "எப்போது கை விழுந்தது?" என்று கேட்டால் கண்டுபிடித்த நேரத்தைச் சொல்வார்கள். "கடைசியாக நல்லா இருந்ததை யார் பார்த்தீர்கள், எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். தூக்கத்திலிருந்து எழும்போதே கை விழுந்திருந்தால், படுக்கப்போன நேரம்தான் கணக்கு.

எடை. எடைக்கட்டில் இருந்தால் அதில் கிடத்துங்கள். உண்மையான எடை 62 கிலோ, வீட்டார் சொன்னது 70 என்றால், ஆல்டெப்ளேஸ் 55.8 மி.கி.க்குப் பதில் 63 மி.கி. போகும். கிட்டத்தட்ட 13 சதவீதம் கூடுதல்.

சர்க்கரை. மருந்துக்கு முன் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஒரே ரத்தப் பரிசோதனை இது. விரல் நுனியைத் துடைத்து உலரவிட்டுக் குத்துங்கள். பழமோ இனிப்போ தொட்ட விரல் பொய் சொல்லும். டெக்ஸ்ட்ரோஸ் ஏறும் கையில் எடுக்காதீர்கள். சர்க்கரை மிகக் குறைந்தாலும் பக்கவாதம் போலவே தோன்றும். டெசிலிட்டருக்கு 50 மி.கி.க்குக் கீழே இருந்தால் முதலில் அதைச் சரிசெய்து, கை கால் திரும்புகிறதா என்று பாருங்கள்.

மாத்திரைகள். "ரத்தம் உறையாத மாத்திரை" என்று வீட்டார் சொல்வது ஆஸ்பிரினாகவும் இருக்கலாம், வார்ஃபரினாகவும் இருக்கலாம், அபிக்சபானாகவும் இருக்கலாம். முதலாவதற்கு மதிப்பெண் கூடும், அவ்வளவுதான். மற்ற இரண்டும் மருந்தையே தடுக்கக்கூடியவை. அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர் செல்பேசியில் படம் எடுத்து அனுப்பினால் இரண்டு நிமிட வேலை.

3. தடை முதலில், மதிப்பெண் பிறகு

தடை, அதாவது இந்த மருந்தே கூடாது என்னும் நிலை, இருக்கும் நோயாளிக்கு மதிப்பெண் போட்டு, "குறைவாகத்தானே வருகிறது" என்று மருந்து கொடுப்பது ஆபத்தான பிழை. மதிப்பெண் அட்டவணைகள் எல்லாம் மருந்து பெற்றவர்களிடமிருந்து உருவானவை. தடையுள்ளவர்கள் அந்தக் கூட்டத்தில் மிகக் குறைவு, அதனால் அவர்களைப் பற்றி அட்டவணைக்குப் பேச்சே இல்லை.

முதலில் இவற்றைப் பாருங்கள்: படத்தில் ஏற்கெனவே ரத்தம், தட்டணுக்கள் 1,00,000க்குக் கீழ், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் 1.7க்கு மேல், 24 மணிக்குள் சிகிச்சை அளவு ஹெப்பாரின் ஊசி, 48 மணிக்குள் அபிக்சபான், டாபிகாட்ரான் போன்ற மாத்திரை, 185/110க்குக் கீழே இறக்க முடியாத ரத்த அழுத்தம், சி.டி. படத்தில் பெரும்பரப்பில் தெளிவான கருமை.

இதற்காக எல்லா ரத்த முடிவுகளுக்கும் காத்திருக்க வேண்டாம். உறைதலைப் பாதிக்கும் மருந்தோ நோயோ இருப்பதாகச் சந்தேகம் இல்லாவிட்டால், தட்டணு, ஐஎன்ஆர் முடிவு வருவதற்கு முன்பே மருந்தைத் தொடங்கலாம். ரத்தத்தை அனுப்பிவிட்டு நகருங்கள், முடிவு தடையாக வந்தால் நிறுத்துங்கள்.

4. சி.டி. படத்தைப் படிப்பது

மதிப்பெண்ணில் அதிகம் பிழை நுழையும் இடம் இது, ஆகவே நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் திரையின் விண்டோவைக் குறுக்குங்கள். அகலம் 40 அளவிலும் மட்டம் 35 முதல் 40 வரையும் வைத்தால் சாம்பல் பகுதிக்கும் வெண்பகுதிக்கும் உள்ள மெல்லிய வேறுபாடு கண்ணுக்குப் படும். வழக்கமான அகலத்தில் பார்த்து "நார்மல்" என்று எழுதிய படங்கள், குறுக்கிப் பார்த்தால் பல நேரம் நார்மலாக இருப்பதில்லை.

பிறகு இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேளுங்கள். ஒன்று, தொடக்க மாற்றம் இருக்கிறதா? மூளையின் பகுதிகளான இன்சுலாவின் விளிம்பு மங்குவது, லென்டிஃபார்ம் கரு தெளிவிழப்பது, மூளை மடிப்புகளின் இடைவெளி அடைபடுவது ஆகியவை இதில் சேரும். இரண்டு, சுற்றுப்புறத்தைவிடத் தெளிவாகக் கறுத்த பகுதி இருக்கிறதா? முதலாவது மட்டும் இருப்பதும், இரண்டாவதும் சேர்ந்து இருப்பதும் ஒன்றல்ல. கறுத்த பகுதியில் திசு ஏற்கெனவே இறந்துகொண்டிருக்கிறது, அங்குள்ள நுண்குழாய்களின் சுவரும் பழுதாகியிருக்கும். அடைப்பு கரைந்து ரத்தம் பாயும்போது அந்தச் சுவர்தான் கிழிகிறது. கருமை பரவப் பரவக் கசிவும் கூடுவது இதனால்தான்.

பழைய பக்கவாதத் தழும்பைப் புதியதாக எண்ணுவது அடுத்த பிழை. பழையது மூளைநீர் அளவுக்கே கறுப்பாக இருக்கும், பக்கத்து மடிப்பும் அறையும் அகன்றிருக்கும். புதியது வீங்கும், மடிப்பு நெருங்கும். பழைய படம் இருந்தால் அருகில் வைத்து ஒப்பிடுங்கள்.

கட்டி அடைத்த தமனி படத்தில் வெண்மையாகத் தெரியலாம். அந்த வெண்தமனியை எதிர்ப்பக்கத் தமனியோடு ஒப்பிடாமல் எழுதாதீர்கள். இரு பக்கமும் வெண்மையாக இருந்தால் அது பெரும்பாலும் சுண்ணாம்புப் படிவு அல்லது ரத்தச் சிவப்பணுக்கள் கூடியிருப்பது. ஒரு பக்கம் மட்டும், அதுவும் அறிகுறியோடு பொருந்தும் பக்கம் மட்டும் என்றால்தான் மதிப்பெண்.

எம்ஆர்ஐ ஏற்கெனவே எடுத்திருந்தால் நுண்கசிவுப் புள்ளிகளை எண்ணுங்கள். பத்துக்கு மேல் இருந்தால் அபாயம் கூடும். அந்தப் புள்ளிகளைத் தேடுவதற்காக மட்டும் எம்ஆர்ஐ எடுத்து நேரத்தை இழக்க வேண்டாம்.

5. மூன்று கணக்குகள்

பல அட்டவணைகள் உண்டு. கையில் வைத்துக்கொள்ள இந்த மூன்று போதும்.

ஹாட், மொத்தம் 5. நீரிழிவு இருந்தாலோ சர்க்கரை 200க்கு மேல் இருந்தாலோ 1. என்ஐஎச்எஸ்எஸ் 15 முதல் 20 வரை 1, 20க்கு மேல் 2. கருமை நடுமூளைத் தமனிப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவானால் 1, அந்த அளவோ அதற்கு மேலோ என்றால் 2. மூல ஆய்வில் 0 முதல் 3 வரையான மதிப்பெண்களுக்கு அறிகுறியுள்ள கசிவு முறையே 2, 5, 10, 15 சதவீதம், 4 அல்லது கூடுதலுக்கு 44 சதவீதம்.

செடான், மொத்தம் 6. ஹெல்சின்கியில் உருவானது, எகாஸ்-2 வரையறை. சர்க்கரை 145 முதல் 216 வரை 1, அதற்கு மேல் 2. தொடக்க மாற்றம் 1, வெண்தமனி 1, வயது 75க்கு மேல் 1, என்ஐஎச்எஸ்எஸ் 10 அல்லது கூடுதல் 1. மூல ஆய்வில் 0 மதிப்பெண்ணுக்கு 1.4 சதவீதம், 5க்கு 33.3 சதவீதம்.

சிட்ஸ், மொத்தம் 12. முப்பத்தோராயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவிலிருந்து உருவானது, சிட்ஸ்-மோஸ்ட் வரையறை. ஆஸ்பிரின் மட்டும் 2, ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்ந்து 3. என்ஐஎச்எஸ்எஸ் 7 முதல் 12 வரை 1, 13 அல்லது கூடுதல் 2. சர்க்கரை 180 அல்லது கூடுதல் 2. வயது 72, மேல் அழுத்தம் 146, எடை 95 கிலோ, தொடங்கி 180 நிமிடம் ஆகிய எல்லைகளை எட்டினாலோ தாண்டினாலோ ஒவ்வொன்றுக்கும் 1. ரத்த அழுத்த நோய் முன்பே இருந்தால் 1. மொத்தம் 2 வரை 0.4 சதவீதம், 3 முதல் 5 வரை 1.5, 6 முதல் 8 வரை 3.6, 9 அல்லது கூடுதலுக்கு 9.2 சதவீதம்.

சர்க்கரை அலகு குழப்பும். வெளிநாட்டு அட்டவணைகள் லிட்டருக்கு மில்லிமோலில் தரும். அதை 18ஆல் பெருக்கினால் நம் மி.கி. கணக்கு வரும். 12.0 என்பது 216. செல்பேசிச் செயலியில் அலகைப் பார்க்காமல் 160 என்று தட்டினால், எல்லாருமே அதிக அபாயக்காரர்களாகிவிடுவார்கள்.

அமெரிக்கப் பதிவேட்டிலிருந்து வந்த கிராஸ்ப்ஸ் கணக்கில் ஆசிய இனத்தவர் என்பதற்குத் தனியே 9 புள்ளிகள் சேர்க்கப்படும். அங்கே "ஆசியர்" என்ற ஒரே கட்டத்துக்குள் சீனர், ஜப்பானியர், இந்தியர் எல்லாரும் அடைபட்டிருக்கிறார்கள். நம் நோயாளிக்கு அந்த 9ஐக் கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

6. ஒரே நோயாளி, மூன்று விடைகள்

ஒரு மாதிரி நோயாளியை எடுத்துக்கொள்வோம். வயது 76, ஆண், எடை 68 கிலோ. என்ஐஎச்எஸ்எஸ் 14, சர்க்கரை 212, மேல் அழுத்தம் 168. ரத்த அழுத்த நோய் உண்டு, தினமும் ஆஸ்பிரின். தொடங்கி 190 நிமிடம். படத்தில் இன்சுலாவை ஒட்டிச் சிறு கருமை, ஒரு பக்க வெண்தமனி.

ஹாட்: சர்க்கரைக்கு 1, என்ஐஎச்எஸ்எஸ்ஸுக்கு 0, கருமைக்கு 1. மொத்தம் 2, அதாவது 10 சதவீதம்.

செடான்: சர்க்கரை 1, தொடக்க மாற்றம் 1, வெண்தமனி 1, வயது 1, என்ஐஎச்எஸ்எஸ் 1. மொத்தம் 5, அதாவது 33 சதவீதம்.

சிட்ஸ்: ஆஸ்பிரின் 2, என்ஐஎச்எஸ்எஸ் 2, சர்க்கரை 2, வயது 1, அழுத்தம் 1, நேரம் 1, முன்நோய் 1. மொத்தம் 10, அதாவது 9.2 சதவீதம்.

ஒன்பதா, பத்தா, முப்பத்து மூன்றா? பயந்துவிடாதீர்கள். வரையறைகள் வேறு என்பது ஒரு காரணம். செடானை உருவாக்கிய கூட்டம் ஆயிரத்துக்கும் குறைவு, அதில் 5 மதிப்பெண் பெற்றவர்கள் வெகு சிலர், ஆகவே அந்த 33 ஆட்டம் காணும் எண் என்பது இன்னொரு காரணம். மூன்றும் ஒத்துப்போகும் செய்தி ஒன்றுதான்: இவர் சராசரியைவிட அபாயம் கூடியவர். அதை எடுத்துக்கொள்ளுங்கள், தசமப் புள்ளியை விட்டுவிடுங்கள்.

படத்தில் கருமை இல்லாமல் விளிம்பு மங்கல் மட்டும் இருந்திருந்தால் ஹாட் 1க்கு இறங்கும், 10 சதவீதம் 5 ஆகும். செடான் மாறாது. நான்காம் படியில் இரண்டு கேள்விகளைப் பிரித்துக் கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

இவருக்கு மருந்து கொடுக்கலாமா? தடை எதுவும் இல்லாவிட்டால், கொடுக்கலாம். அபாயத்தைக் கூட்டும் வயதும் கடுமையும் மருந்து இல்லாமலே இவரை முடக்கிப்போடக்கூடியவை. ஆய்வுகளின் தனிநபர் தரவுகளைச் சேர்த்துப் பார்த்ததில், மருந்தால் வரும் கூடுதல் கசிவு, சிட்ஸ்-மோஸ்ட் வரையறைப்படி, மிக லேசான பக்கவாதத்தில் 1.5 சதவீதமாகவும், என்ஐஎச்எஸ்எஸ் 22 அல்லது கூடுதலான கடுமையானதில் 3.7 சதவீதமாகவும் இருந்தது. மதிப்பெண்ணின் முழுச் சதவீதத்தையும் மருந்தின் தலையில் போடுவது தவறு.

7. மாற்றக்கூடியதை மாற்றுங்கள்

வயதையும் படத்தையும் மாற்ற முடியாது. மூன்று விஷயங்கள் நம் கையில்.

ரத்த அழுத்தம். ஊசிக்கு முன் 185/110க்குக் கீழ், பிறகு 24 மணி நேரம் 180/105க்குக் கீழ். லபெட்டலால் 10 முதல் 20 மி.கி. நரம்பு வழியே 1 முதல் 2 நிமிடத்தில் கொடுங்கள், தேவையானால் ஒருமுறை திரும்பக் கொடுக்கலாம். நாக்கடியில் நிஃபெடிபின் வைக்காதீர்கள். அழுத்தம் கட்டுப்பாடில்லாமல் சரிந்தால், பாதி பட்டினியில் இருக்கும் மூளைப் பகுதி முழுப் பட்டினியாகும்.

அளவு. ஆல்டெப்ளேஸ் கிலோவுக்கு 0.9 மி.கி., உச்சம் 90. பத்தில் ஒரு பங்கு ஒரு நிமிடத்தில், மீதி 60 நிமிடத்தில். நம் 68 கிலோ நோயாளிக்கு மொத்தம் 61.2, முதலில் 6.1, பிறகு 55.1 மி.கி. 50ம் 20ம் ஆன குப்பிகளைக் கலந்தால் 70 வரும். கூடுதல் 8.8ஐ ஊசி தொடங்கும் முன்பே வெளியேற்றிவிடுங்கள். பம்ப்பில் விட்டுவைத்தால் யாராவது "மீதியையும் போடலாமா" என்று கேட்பார்கள். கலக்கும்போது குலுக்காமல் மெதுவாகச் சுழற்றுங்கள், நுரைத்தால் அளவு பிசகும்.

டெனெக்டிப்ளேஸில் பிழை இன்னும் பெரிது. பக்கவாதத்துக்குக் கிலோவுக்கு 0.25 மி.கி., உச்சம் 25, ஒரே தள்ளல். மாரடைப்புக்கு எடைப்படி 30 முதல் 50 மி.கி. ஒரே மருந்து, ஒரே குளிர்பெட்டி. மாரடைப்பு அட்டவணையைப் பார்த்து ஏற்றினால் ஏறத்தாழ இரட்டிப்பு அளவு போய்விடும். நார்வேயில் 0.4 மி.கி. அளவைச் சோதித்த ஆய்வு, கசிவு அதிகமானதால் பாதியில் நிறுத்தப்பட்டது, 2022இல் முடிவு வெளியானது. பெட்டியின் மேல் "பக்கவாதம்: உச்சம் 25" என்று தடித்த எழுத்தில் ஒட்டிவையுங்கள். ஏற்றும் முன் இன்னொருவர் அளவை வாய்விட்டுப் படிக்கட்டும்.

சர்க்கரை. 140 முதல் 180க்குள் வைக்க முயலுங்கள். இன்சுலின் கொடுத்து எண் இறங்கும்வரை ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். மதிப்பெண்ணில் சர்க்கரை இருப்பதால், அதை இறக்கினால் கசிவும் இறங்கும் என்று பொருளில்லை.

அளவைக் குறைத்துக் கொடுத்தால் என்ன என்ற கேள்வி எப்போதும் வரும். 2016இல் வெளியான என்சான்டட் ஆய்வில் கிலோவுக்கு 0.6 மி.கி. கொடுத்தபோது கசிவு 2.1 சதவீதத்திலிருந்து 1.0க்கு இறங்கியது. ஆனால் ஊனமின்றி மீள்வதில் முழு அளவுக்குக் குறைந்ததல்ல என்று அதனால் நிரூபிக்க முடியவில்லை. உங்கள் துறையின் முடிவு இல்லாமல் தனியே குறைக்காதீர்கள்.

8. குடும்பத்தாரிடம் சொல்வது

சதவீதத்தில் பேசாதீர்கள், ஆட்கணக்கில் பேசுங்கள். ஊசியின் பலனையும் அதே மூச்சில் சொல்லுங்கள். மூன்று மணிக்குள் கொடுத்தால் நூறு பேரில் சுமார் 32 பேருக்கு நிலை மேம்படும், சுமார் 3 பேருக்கு மோசமாகும் என்பது பரவலாகப் பயன்படும் கணக்கு. நேரம் தாண்டத் தாண்டப் பலன் குறையும். மாதிரி நோயாளியின் மகளிடம் இப்படிச் சொல்லலாம்:

"அம்மா, அப்பாவுக்கு மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல கட்டி அடைச்சிருக்கு. அதைக் கரைக்க ஊசி இருக்கு. போட்டா கை கால் திரும்ப வாய்ப்பு கூடும். ஆனா இவர் மாதிரி இருக்கிற பத்துப் பேர்ல ஒருத்தருக்கு மூளைக்குள்ள ரத்தம் கசியலாம், சில சமயம் உயிருக்கே ஆபத்தாகலாம். போடாம விட்டாலும் இந்தப் பக்கம் செயலிழந்தே போற வாய்ப்பு அதிகம். போடலாம்னுதான் நாங்க நினைக்கிறோம். ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம், உங்க கேள்வியை இப்பவே கேளுங்க."

இதற்கு இரண்டு நிமிடம் போதும். ஒருவர் பேசும்போது மற்றவர் மருந்தைக் கலக்கலாம்.

9. முதல் 24 மணி நேரம்

ரத்த அழுத்தத்தையும் நரம்பியல் நிலையையும் முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கொரு முறை, அடுத்த 6 மணி நேரம் அரை மணிக்கொரு முறை, பிறகு 24 மணி முடியும்வரை மணிக்கொரு முறை பாருங்கள். மதிப்பெண் அதிகம் வந்தவரைச் செவிலியர் இருக்கைக்கு எதிர்க் கட்டிலில் படுக்க வையுங்கள். ஊசிக்கு முந்தைய என்ஐஎச்எஸ்எஸ்ஸைப் பிரிவு பிரிவாகக் கட்டில் தலைமாட்டில் எழுதி வையுங்கள். மொத்தம் மட்டும் இருந்தால், இரவுப் பணிக்கு வருபவருக்கு எது புதிது என்று தெரியாது.

புதிய தலைவலி, வாந்தி, திடீர் அழுத்த உயர்வு, தூக்கக் கலக்கம், 4 மதிப்பெண் சரிவு ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் கசிவு என்றே கருதி நடங்கள். "ராத்திரி ஆச்சு, தூங்குகிறார்" என்று விட்டதால் தாமதமாகும் கசிவுகள் நிறைய.

24 மணி ஸ்கேனில் கசிவு இல்லை என்று உறுதியாகும்வரை ஆஸ்பிரின், ஹெப்பாரின் கூடாது. மூக்குக்குழாய், சிறுநீர்க்குழாய், தமனி ஊசி ஆகியவற்றைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள்.

10. கசிவு வந்துவிட்டால்

ஆல்டெப்ளேஸ் ஏறிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்துங்கள், ஸ்கேன் முடிவுக்குக் காத்திருக்காதீர்கள். தட்டணு, உறைதல் சோதனைகளான ஐஎன்ஆர், ஏபிடிடி, உறைதல் புரதமான ஃபைப்ரினோஜன், ரத்தவகைப் பொருத்தம் ஆகியவற்றுக்கு ரத்தம் அனுப்பிவிட்டு ஸ்கேனுக்குக் கொண்டுபோங்கள்.

கசிவு உறுதியானால், உறைதல் புரதங்கள் செறிந்த ரத்தப்பொருளான கிரையோபிரெசிபிடேட் (கிரையோ) 10 யூனிட், 10 முதல் 30 நிமிடத்தில். ஃபைப்ரினோஜன் 150க்குக் கீழேயே இருந்தால் மேலும் கொடுக்க வேண்டும். அது கிடைக்கத் தாமதமானாலோ கிடைக்காவிட்டாலோ டிரானெக்ஸாமிக் அமிலம் 1000 மி.கி. 10 நிமிடத்தில். நரம்பு அறுவை மருத்துவரையும் ரத்தவியல் மருத்துவரையும் அழையுங்கள்.

இங்கே சறுக்குவது கிரையோவில்தான். உறைந்த நிலையில் இருப்பதை இளக்கித் தர ரத்த வங்கிக்கு நேரம் வேண்டும். ஆகவே அதிக மதிப்பெண் நோயாளிக்கு ஊசி தொடங்கும்போதே ரத்த வங்கியை அழைத்து, இருப்பு உண்டா, இரவில் யார் தருவார் என்று கேட்டு வையுங்கள். மதிப்பெண் கைகொடுக்கும் இடங்களில் இது முக்கியமானது.

11. உங்கள் மருத்துவமனையின் சொந்தக் கணக்கு

ஊசி பெற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதுங்கள்: மூன்று மதிப்பெண்கள், கொடுத்த அளவு, ஊசியின்போது இருந்த அழுத்தம், 24 மணி ஸ்கேன், கசிவு வகை, எந்த வரையறைப்படி அறிகுறியுள்ளது, மூன்றாம் மாத நிலை. ஸ்கேனைப் படிப்பவர் மதிப்பெண்ணைப் பார்க்காமல் படிப்பது நல்லது. பார்த்துவிட்டால் எதிர்பார்ப்பதே கண்ணில் படும்.

மதிப்பெண் கூடக் கூடக் கசிவும் கூடுகிறதா என்பது ஒரு கேள்வி. அட்டவணை சொல்லும் சதவீதம் உங்கள் ஊரில் அதேதானா என்பது வேறு கேள்வி. முதலாவது சரியாக இருந்து இரண்டாவது தவறிப்போகலாம். அப்போது அட்டவணையைத் தூக்கி எறிய வேண்டாம், சதவீதத்தை மட்டும் உங்கள் எண்ணிக்கைப்படி திருத்திக்கொள்ளலாம்.

எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போது அவசரப்படாதீர்கள். தொடர்ந்து 30 பேருக்குப் போட்டு ஒருவருக்கும் கசியவில்லை என்றால் உண்மையான விகிதம் பூஜ்யம் என்று ஆகாது. கசிவே இல்லாதபோது மேல்வரம்பைக் கணிக்க, மூன்றை ஆட்களின் எண்ணிக்கையால் வகுப்பது எளிய விதி. மூன்றை 30ஆல் வகுத்தால் 10 சதவீதம். அதுவரைக்கும் இருக்கக்கூடும் என்பதுதான் அந்த 30 பேர் சொல்வது. 300 பேர் சேர்ந்த பிறகும் கசிவே இல்லை என்றால் அந்த மேல்வரம்பு 1 சதவீதமாகும்.